சலீம் அலி பழ வௌவால் ‘மிக அருகிய’ பட்டியலிலிருந்து ‘அருகிய’ பட்டியலுக்கு இறங்கியது நல்ல செய்தியா?

போடிமெட்டு எழுதியது:

போன சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் வினாடி வினா. நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். அதில் ஒரு கேள்வி: “சலீம் அலி பழ வௌவால் 1996இல் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று இருந்தது. 2008இல் ‘அருகிய இனம்’ என்று ஒரு படி இறக்கினார்கள். காரணம் என்ன?” (சிவப்புப் பட்டியல் என்பது எந்த உயிரினம் அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று உலக அளவில் வெளியிடுகிற பட்டியல்.) என் கையில் கொடுத்திருந்த விடைத்தாளில் ‘எண்ணிக்கை பெருகியது’ என்று அச்சடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “முன்னே ஒரே இடத்துலதான் தெரிஞ்சிருக்கும் சார், அப்புறம் வேற மலையிலயும் தேடிப் பிடிச்சிருப்பாங்க” என்றாள். நான் விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தவறு என்று சொல்லிவிட்டேன். அந்த அணி ஒரு மதிப்பெண்ணில் தோற்றது.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1948இல் நம் மேகமலையில் (அன்றைக்கு அது மதுரை மாவட்டம்) தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்து, பாடம் செய்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். மனிதர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஹட்டன் குழிவிரியன் என்று ஒரு பாம்பு இருக்கிறதே, அதுவும் இவர் அதே மலையில் பிடித்ததுதான். பம்பாயில் வௌவாலுக்குக் ‘குட்டைமூக்குப் பழ வௌவால்’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். நம் தெருவில் இருக்கிற சாதாரண வவ்வால். யார் மெனக்கெடுவார்கள்?

22 வருடம் கழித்து, 1970இல் தாய்லாந்துக்காரர் கிட்டி தொங்லோங்யா அந்தச் சேகரத்தைப் பார்க்க வந்தார். சீட்டையும் பல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு ஒட்டவில்லை. 1972இல் அதைப் புது இனமாக மட்டுமல்ல, புதுப் பேரினமாகவே அறிவித்தார்: லாட்டிடென்ஸ் சலீமாலி. முன்பாதிக்கு ‘அகன்ற பல்’ என்று பொருள். பின்பாதி சலீம் அலிக்கு. வாழ்நாள் முழுக்கப் பறவை பார்த்த மனிதருக்கு ஒரு வௌவால்! அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் தம்பி கிடையாது.

அதற்குப் பிறகும் 1993 வரை உலகத்துக்குத் தெரிந்தது பாடம் செய்த அந்த ஒரே உடல்தான். அந்த வருடம் வௌவால் ஆய்வாளர் பால் பேட்ஸின் குழு மேகமலைக்கே வந்து உயிரோடு பிடித்துக் காட்டிய பிறகுதான், ‘சரி, இன்னும் இருக்கிறது’ என்று மூச்சு விட்டார்கள். 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் களக்காடு முண்டந்துறைப் பக்கமும் கிடைத்தது. பட்டியலில் படி இறங்கியது இதனால்தான் என்பது என் கட்சி. வௌவால் பெருகவில்லை, நம் பார்வைதான் கொஞ்சம் அகலமாயிற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் சொல்வது சரியா?

---

வலைக்காரன்:

அண்ணே, நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுத்திருக்கணும்.

சிவப்புப் பட்டியலில் பரப்பளவை வைத்து அளக்கிற ஒரு விதி இருக்கிறது. பரவல் 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழே, அதுவும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, வாழிடமும் சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் ‘மிக அருகிய’. பரவல் 5000 சதுர கிலோமீட்டருக்குள், ஐந்து இடங்களுக்கு மிகாமல், வாழிடம் சுருங்குகிறது என்றால் ‘அருகிய’. மேகமலை மட்டும் என்று இருந்தவரை முதல் கணக்கு. களக்காடு சேர்ந்ததும் இரண்டாவது. ஒரு வௌவால்கூடக் கூடுதலாகப் பிறக்க வேண்டியதில்லை, வரைபடத்தில் புள்ளி ஒன்று கூடினால் போதும்.

ஏன் இத்தனை வருடம் புள்ளி கூடவில்லை என்றும் சொல்கிறேன். நான் மூன்று பருவம் வௌவால் ஆய்வில் கள உதவியாளாக இருந்தவன். பூச்சி தின்னும் வௌவால் என்றால் வேலை சுலபம். அது நம் காதுக்குக் கேட்காத மீயொலியை ஓயாமல் எழுப்பிக்கொண்டே பறக்கும். ஒலி பிடிக்கிற கருவியை மரத்தில் கட்டிவிட்டுத் தூங்கலாம், காலையில் வந்து பார்த்தால் யார் யார் போனார்கள் என்று தெரிந்துவிடும். இந்த ஊரில் பழந்தின்னிகள் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிறவை. குகையில் தங்குகிற ஒரு வகை மட்டும் நாக்கைச் சொடுக்கி வழி பார்க்கும். மற்றதெல்லாம் ஊமை. கருவி வைத்தால் ஒன்றும் பதிவாகாது. வலை கட்டித்தான் ஆக வேண்டும்.

வலை என்றால் மீன் வலை மாதிரி நினைக்காதீர்கள். தலைமுடி மாதிரி இழை. இரண்டு கம்பு நட்டு, ஓடைக்குக் குறுக்கே, பொழுது சாயும்போது விரிக்க வேண்டும். அட்டை காலில் ஏறிக்கொண்டே இருக்கும். மழை தூறினால் நீர்முத்து கோத்து வலை கண்ணாடி மாதிரி தெரியும், அப்புறம் ஒன்றும் விழாது. மேகமலையில் தூறாத ராத்திரி வருடத்தில் எத்தனை? நீங்களே சொல்லுங்கள். பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மாட்டினது பதறி இறக்கையைக் கிழித்துக்கொள்ளும். யானை வந்துவிட்டால் வலையை விட்டுவிட்டு ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

விழுந்ததை எடுத்துத் துணிப்பையில் போடும்போது பழவாசனை அடிக்கும், கையுறையைக் கடித்துக்கொண்டு விடாது. முன்கையை வெர்னியரில் அளப்போம். சலீம் அலிக்கு 66 முதல் 69 மில்லிமீட்டர். குட்டைமூக்குக்கும் அந்த அளவு வரும், அதனால் அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. காது பார்க்கணும். குட்டைமூக்குக்குக் காதைச் சுற்றி வெளிறிய விளிம்பு, கோலம் போட்ட மாதிரி. இதற்கு அது கிடையாது. அப்புறம் திருப்பிப் பிடித்துப் பின்பக்கம் பார்க்கணும். குட்டைமூக்குக்குக் குட்டி வால் இருக்கும். சலீம் அலிக்கு வாலே இல்லை. தென்னிந்தியாவில் பறக்கும் நரி என்கிற பெரிய வௌவாலை விட்டுவிட்டால் வாலில்லாத பழந்தின்னி இது ஒன்றுதான். எங்கள் குழுவில் ராத்திரி பூரா ஒரே பேச்சு: “வாலைப் பாரு, வாலைப் பாரு.”

---

கம்பம்_பன்னீர்:

எல்லாம் சரிதான் தம்பிகளா. எனக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தல் நிறையப் பழம் நிற்கும்போது ஒரு ராத்திரி வவ்வால் இறங்கினால் விடியும்போது கொத்துக் கொத்தாகச் சக்கைதான் தொங்கும். தின்பது பாதி, உதிர்ப்பது பாதி. நாங்கள் வலை போடாமல் என்ன செய்வது? அதில் மாட்டுகிறது அபூர்வ வௌவாலா, அன்றாட வௌவாலா என்று நான் டார்ச் அடித்து வால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? மலையில் ஒன்றுக்குக் கும்பிடு, அடிவாரத்தில் அதே மாதிரி ஒன்றுக்கு அடி. என்ன சட்டம் இது?

---

போடிமெட்டு:

அண்ணாச்சி, நீங்கள் கோபத்தில் சொன்னாலும் விஷயத்தின் நடுவில் கை வைத்துவிட்டீர்கள்.

இந்த வௌவாலுக்குப் பெயர் வைத்தது 1972இல். அதே 1972இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஐந்தாவது அட்டவணை, ‘தீங்குயிரிகள்’. காக்கை, எலி, சுண்டெலி, கூடவே பழந்தின்னி வௌவால்கள். இன்னது என்று பிரிக்கவில்லை, ஒட்டுமொத்தமாக. பெயர் வைத்த வருடமே அதைக் கொல்லவும் தடையில்லை என்று ஆகிவிட்டது. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவே இல்லை.

பிற்பாடு சலீம் அலி வௌவாலையும், பூச்சி தின்னும் ராட்டன் வௌவாலையும் எடுத்து முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில், வைத்தார்கள். மற்ற பழந்தின்னிகள் எலிக்குப் பக்கத்திலேயே நின்றன. குட்டைமூக்கையும் இதையும் பிரிப்பது வலைக்காரன் சொன்ன அந்தக் காதும் வாலும்தான். அன்றைய சட்டப்படி பார்த்தால் ராத்திரி ஒரு மணிக்கு, பந்தலுக்கு அடியில், குட்டைமூக்கு என்றால் அடிக்கலாம், சலீம் அலி என்றால் சிறை. 2022 திருத்தத்தில் தீங்குயிரிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் ஆயிற்று.

உங்கள் பந்தலுக்கு வருவது பெரும்பாலும் குட்டைமூக்கு, பறக்கும் நரி. சலீம் அலி மலைக்காட்டை விட்டு அடிவாரத் தோட்டத்துக்கு வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. முதன்முதலில் பிடித்ததே சுமார் 750 மீட்டர் உயரத்தில். ஆகவே அந்தக் குற்றத்தை உங்கள் மேல் போட மாட்டேன்.

---

சந்தேகப்பேர்வழி:

2018இல் கோழிக்கோடு, மலப்புரத்தில் நிபா வந்து 17 பேர் செத்தார்கள். வௌவாலால்தானே? இதையெல்லாம் காப்பாற்றி என்ன?

---

வலைக்காரன்:

நிபாவுக்கு முதன்மைத் தாங்கி பறக்கும் நரி. ஊருக்குள் ஆலமரத்திலும் புளியமரத்திலும் ஆயிரக்கணக்கில் தொங்குமே, அது. அதையும் அடித்து விரட்டினால் வைரஸ் போய்விடாது, வௌவால்தான் ஊர் ஊராகச் சிதறும். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், திறந்த கள்ளுப்பானையை மூடி வையுங்கள், வெறும் கையால் வௌவாலைத் தொடாதீர்கள். அவ்வளவுதான். இந்த இழை வேறு வௌவாலைப் பற்றியது, இதை இங்கேயே விட்டுவிடலாம்.

---

ஊத்துப்பிள்ளை:

மாஞ்சோலைக்கு மேலே ஊத்தில் பிறந்து வளர்ந்தவள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு அது. 2024இல் தோட்ட வேலை நின்று, நாங்கள் இறங்கி வந்தோம். அதைப் பற்றி எழுதினால் இந்த இழை போதாது.

காக்காச்சியில் ஆராய்ச்சிக்காரர்கள் வலை கட்டுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். களக்காட்டுப் பக்கம் கிடைத்தது என்று போடிமெட்டு அண்ணன் எழுதியது அந்தக் காடுதான். அங்கே வெடிப்பலா என்று ஒரு மரம். தொலைவில் இருந்து பார்த்தால் பலாமரம் மாதிரி இருக்காது, காயைக் கையில் எடுத்தால் மாதிரி இருக்கும். முள்ளு முள்ளாக, காய்ந்தால் வெடிக்கும். பூ கொப்பிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும், இதழ் கிடையாது, பழுப்பு நிறம். தை கழிந்தால் மரத்துக்கு அடியில் மெத்தை போட்ட மாதிரி கிடக்கும். பகலில் சிங்கவால் குரங்கு அதைத் தின்னும், ராத்திரியில் வவ்வால் வரும். குரங்கும் வவ்வாலும் தின்றதில்தான் மகரந்தம் மாறுகிறது என்று அப்போது ஒரு அண்ணன் சொன்னார். தின்றால் எப்படிக் காய்க்கும் என்று கேட்டேன். “எல்லாத்தையும் தின்னாதும்மா, அதுக்கும் வயிறு ஒண்ணுதான்” என்றார்.

தேயிலைக்காக இந்த மரமெல்லாம் போயிற்று. தேயிலைக்கு வெயில் வேண்டும், நிழலுக்கு சில்வர் ஓக் நட்டால் போதும். சில்வர் ஓக்கில் வவ்வாலுக்கு ஒரு பழம் உண்டா? ஏலத்தோட்டமும் காப்பித்தோட்டமும் பரவாயில்லை, பழைய காட்டு மரத்தை நிழலுக்கு விட்டு வைப்பார்கள், காட்டு அத்தி நிற்கும். தோட்டம் எல்லாம் ஒன்று என்று யாரும் எழுதாதீர்கள்.

அப்புறம் ஒன்று, யாரும் இங்கே சொல்லவில்லை. கறி. இந்த வவ்வால் மரத்தில் தொங்காது, பாறைக் குகையில் தங்கும். குகை வாயில் பச்சை இலையைப் போட்டு மூட்டம் போட்டால் எல்லாம் ஒரே வழியாக வெளியே வரும். கம்போடு நாலு பேர் நின்றால் போதும். இழுப்பு நோய்க்கு வவ்வால் கறி கேட்கும் என்று நம்பிக்கை. என் சித்தப்பாவுக்கு அப்படிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மண்சட்டியில் மிளகு அரைத்துப் போட்டு, அம்மா வாசலில் வைத்துத்தான் சமைத்தாள், வீட்டுக்குள் விடவில்லை. சித்தப்பாவுக்கு இழுப்பு நிற்கவில்லை. கடைசியில் இன்ஹேலர்தான் நிறுத்தியது.

---

வரைபடப்பித்தன்:

அக்கா எழுதியதைப் படித்ததும் வரைபடத்தை விரித்தேன். மேகமலையும் காக்காச்சியும் ஒரே மலைத்தொடர் மாதிரி தெரிந்தாலும் நடுவே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. ரயிலும் லாரியும் போகிற இடம். வடக்கே பெரியாறு, மேகமலை. தெற்கே அகத்தியமலை. கேரளப் பக்கம் பெரியாறு காப்பகத்திலும் இது இருப்பதாகப் படித்தேன். ஆக, கணவாய்க்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்து வௌவால் இந்தப் பக்கம் வருமா? வராது என்றால் இது ஒரு கூட்டம் இல்லை, இரண்டு கூட்டம். ஒன்று அழிந்தால் இன்னொன்று வந்து இடத்தை நிரப்பாது.

இன்னொரு கேள்வி. ஆனைமலையில் ஏன் இல்லை? அங்கேயும் மழைக்காடு, அங்கேயும் வெடிப்பலா.

---

வலைக்காரன்:

இல்லை என்று சொல்லாதே தம்பி. உறுதியான பதிவு எல்லாம் தெற்கே இருக்கிறது, அவ்வளவுதான். வலை கட்டாத ஓடையில் வௌவால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

---

சந்தேகப்பேர்வழி:

சரி, நிபாவை விட்டுவிடுகிறேன். ஆனால் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. களக்காடு ஏற்கெனவே காப்பகம். பெரியாறும் காப்பகம். மூன்று இடமும் பூட்டுக்குள். முதல் அட்டவணை வேறு. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?

---

போடிமெட்டு:

நல்ல கேள்விதான், பதில் சொல்கிறேன். புலிக்கு வேலி போட்டால் காடு மிஞ்சும், காடு மிஞ்சினால் வௌவாலுக்கும் லாபம். மறுக்கவில்லை. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவு ஏறி மேகமலை மேலே ஹைவேவிஸ் ஊருக்குப் போகிற சாலை சீரானபின் சுற்றுலா பெருகிவிட்டது. காப்பகம் என்று பெயர் இருப்பதால்தான் இரவில் வண்டி ஏற விடுவதில்லை.

ஆனால் புலியைக் கேமரா வைத்து வரியை எண்ணிச் சொல்கிறோம். நாலு வருடத்துக்கு ஒருமுறை கணக்கு. இந்த வௌவாலுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? எத்தனை குகை என்று யாராவது தொடர்ந்து போய்ப் பார்க்கிறார்களா? பழந்தின்னிகள் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். எலி மாதிரி இழந்ததை அடுத்த மாதமே ஈடுகட்டாது. ஊத்துப்பிள்ளை சொன்ன மாதிரி ஒரு குகையில் ஒரு மூட்டம் போட்டால் அந்தக் குகை பல வருடத்துக்குக் காலி. சட்டம் அங்கே போய்ச் சேர்வதற்குள் புகை அடங்கியிருக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் பாதுகாக்க வேண்டியது குகையை. அதுவும் எந்தக் குகை என்று ஊருக்கெல்லாம் போர்டு வைக்காமல். வனக்காவலர்களுக்கும் பளியர் குடிகளுக்கும் தெரிந்தால் போதும்.

---

தமிழய்யா:

பெரிய விவாதம், நடுவில் நுழைகிறேன். கோயில் கட்டுகிறவர்கள் ‘வவ்வால் நெற்றி மண்டபம்’ என்பார்கள், வளைந்த கூரை அமைப்பு. கோயிலில் வௌவால் நாற்றம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்குத் தெரியாது, கட்டடக்கலையிலேயே அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று. ‘வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு’. தொங்க இடம் இருந்தால்தானே விருந்து?

---

கம்பம்_பன்னீர்:

அய்யா சொன்னதும் சரி. நான் இந்த வருடம் வலையைக் கீழே மடித்துவிடாமல் இழுத்துக் கட்டப் போகிறேன். தொய்வாக இருந்தால்தான் மாட்டிக்கொண்டு சாகிறது, விறைப்பாக இருந்தால் முட்டித் திரும்பிப் போய்விடும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். செலவு கொஞ்சம் கூடும். பார்ப்போம்.

ஒன்று கேட்கணும் வலைக்காரன் தம்பி. மூன்று பருவம் வலை கட்டினேன் என்கிறாயே, இந்த வாலில்லாததைக் கையில் பிடித்தாயா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

---

வலைக்காரன்:

கேட்டுவிட்டீர்களே அண்ணாச்சி.

பிடித்தது எல்லாம் குட்டைமூக்கு. மூன்றாவது பருவம், கடைசி ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். வலையின் மேல் மடிப்பில் ஒன்று விழுந்தது. பெரிய சார் கீழே ஓடைப்பக்கம் இன்னொரு வலையில் இருந்தார். நான் ஹெட்லைட் அடித்துப் பார்க்கிறேன், காதில் வெள்ளை விளிம்பு இல்லை. பின்பக்கம் திருப்புகிறேன், கை நடுங்குகிறது. வால் இல்லை. இரண்டு தரம் விரலால் தடவிப் பார்த்தேன், இல்லை. “சார்” என்று கத்திக்கொண்டே துணிப்பையை விரித்தேன். கத்தினதில் கை நெகிழ்ந்ததா, அது கடித்ததில் விட்டேனா, தெரியவில்லை. போய்விட்டது. சார் மூச்சு வாங்க ஏறி வந்து, “அளந்தாயா?” என்றார். இல்லை. “போட்டோ?” இல்லை. குறிப்பேட்டில் அந்த மணிக்கு நேராக ‘பழந்தின்னி, இனம் தெரியவில்லை, தப்பியது’ என்று எழுதினார். என் பேச்சை அவர் நம்பினார், ஆனால் எழுத முடியாது. அதுதான் முறை.

அந்த ஓடை எந்த வரைபடத்திலும் புள்ளியாகவில்லை.

---

போடிமெட்டு:

வலைக்காரா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு செய்தி. வினாடி வினா நடத்தியவரைத் தொலைபேசியில் பிடித்தேன். விடைத்தாளைத் திருத்துகிறேன் என்றார், பரிசு கொடுத்தாயிற்று, அதைத் திரும்ப வாங்க முடியாது என்றும் சொன்னார். சரி. அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியையிடம் பேசி, நீ சொன்னதுதான் சரி, நடுவர்தான் தப்பு என்று சொல்லச் சொன்னேன். பிள்ளை பதிலுக்கு ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்: அந்த வௌவாலைப் பார்க்க எங்கே போகணும்?

என்ன சொல்லட்டும்?

---

வலைக்காரன்:

மேகமலைக் காட்டுக்குள் ராத்திரி போக விட மாட்டார்கள், விடவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் வாதாமரம் இருக்கிறதா என்று கேளுங்கள். காய் சிவக்கிற நேரத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு அடியில் நிற்கச் சொல்லுங்கள். குட்டைமூக்கு வரும், காயைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கிளையில் போய்த் தொங்கும். தொடாமல், தள்ளி நின்று, முதலில் காதைப் பார்க்கட்டும். அப்புறம் வாலை.